ஒரே ‘போயிருக்கு’, ஆங்கிலத்தில் மூன்று வழி: ‘கான்’, ‘பீன்’, ‘வென்ட்’

கேள்வி இது: “‘கோ, வென்ட், கான்’ என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் ‘நான் டெல்லிக்குப் போயிருக்கேன்’ என்பதை ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்று சொன்னால் ஏன் தவறு என்கிறார்கள்? நடுவில் ‘பீன்’ எங்கிருந்து வந்தது? ‘ஐ ஹேட் கான்’ என்று எப்போது சொல்ல வேண்டும்?”

அட்டவணையில் பிழையில்லை. சிக்கல் நம் ‘போயிருக்கு’வில் இருக்கிறது. அது ஒரே வடிவத்தில் நாலைந்து வேலை பார்க்கும் சொல். ஆங்கிலம் அந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த இடத்தில் பிரிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

அப்பா டெல்லிக்குப் போயிருக்கார், வெள்ளிக்கிழமைதான் வருவார்.
அப்பா டெல்லிக்கு நாலு தடவை போயிருக்கார்.

வினைச்சொல் எழுத்து மாறாமல் ஒன்றே. ஆனால் முதல் வாக்கியத்தில் அப்பா வீட்டில் இல்லை. இரண்டாவதில் அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். தமிழில் ‘வெள்ளிக்கிழமை’, ‘நாலு தடவை’ போன்ற பக்கத்துச் சொற்களை வைத்து நாம் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வினையே அதைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, ‘மை ஃபாதர் ஹேஸ் கான் டு டெல்லி’: போனார், இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது, ‘மை ஃபாதர் ஹேஸ் பீன் டு டெல்லி ஃபோர் டைம்ஸ்’: போய்வந்த அனுபவம் உண்டு.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ‘போயிருக்கார்’ என்ற இடத்தில் ‘போயிட்டு வந்திருக்கார்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ‘பீன்’. கெட்டுப்போனால் ‘கான்’. ‘அப்பா டெல்லிக்கு நாலு தடவை போயிட்டு வந்திருக்கார்’ நிற்கிறது. ‘அப்பா டெல்லிக்குப் போயிட்டு வந்திருக்கார், வெள்ளிக்கிழமைதான் வருவார்’ நிற்கவில்லை. பேசும்போது இந்தச் சோதனைக்கு ஒரு நொடி போதும்.

‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ ஏன் காதில் இடறுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ‘போனேன், இன்னும் திரும்பவில்லை’ என்று எதிரே நிற்பவரிடம் சொல்ல முடியாது, நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்! அதனால் ‘ஐ’, ‘வி’, ‘யு’ மூன்றுக்கும் பின்னால் இடத்தைக் குறிக்கும் ‘ஹேவ் கான் டு’ அபூர்வமாகத்தான் வரும். வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெளியே கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறோம்: ‘ஐ ஹேவ் கான் டு த மார்க்கெட், பேக் பை சிக்ஸ்’. படிப்பவர் அதைப் பார்க்கும்போது எழுதியவர் அங்கே இல்லை, ஆகவே அது சரி. தொலைபேசியில் இது செல்லாது. ‘எங்கே இருக்கே?’ என்று கேட்டால் நாம் ‘வெளியில வந்திருக்கேன்’ என்போம். அதை அப்படியே ‘ஐ ஹேவ் கம் அவுட்’ என்று மாற்றினால் ஏதோ ஓர் அறையை விட்டு வெளியே வந்து நிற்பதுபோல் கேட்கும். ‘ஐ ஆம் அவுட்’ என்றால் போதும்.

இனி ‘பீன்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அது ‘கோ’வின் பிள்ளை இல்லை. ‘பி’, அதாவது ‘இரு’ என்ற வினையின் மூன்றாம் வடிவம். ‘அங்கே இருந்தாயிற்று’ என்பதே ‘போய்வந்தாயிற்று’ என்று பொருள் விரிந்திருக்கிறது. இதில் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. ‘பி’ அசைவைக் குறிக்காத வினை, அதற்குப் பின்னால் இடப்பெயரோடு ‘டு’ வருவதற்கு நியாயமே இல்லை. பெர்ஃபெக்ட் வாக்கியங்களில், அதாவது ‘ஹேவ்’ துணைவினையோடு மூன்றாம் வடிவம் வரும் வாக்கியங்களில் மட்டும் வருகிறது. அதனால் ‘ஐ ஹேவ் பீன் டு ஊட்டி’ சரி, ‘ஐ வாஸ் டு ஊட்டி லாஸ்ட் இயர்’ தவறு, ‘ஐ வில் பி டு ஊட்டி’யும் தவறு. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ இவற்றில் ஒன்று முன்னால் இல்லாமல் ‘பி’யோடு இந்த ‘டு’வைச் சேர்க்கவே கூடாது.

‘பீன் டு’, ‘பீன் இன்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஷி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்’ என்றால் போய்வந்திருக்கிறாள். ‘ஷி ஹேஸ் பீன் இன் சிங்கப்பூர் சின்ஸ் மே’ என்றால் மே மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறாள். ‘ஹோம்’, ‘தேர்’, ‘அப்ராட்’ ஆகியவற்றின் முன் ‘டு’ வேண்டாம்: ‘ஹேவ் யு பீன் தேர்?’, ‘ஷி ஹேஸ் கான் ஹோம்’. ‘ஷாப்பிங்’, ‘ஸ்விம்மிங்’ போன்றவற்றுக்கும் வேண்டாம்: ‘தே ஹேவ் கான் ஷாப்பிங்’ என்றால் கடையில் இருக்கிறார்கள், ‘தே ஹேவ் பீன் ஷாப்பிங்’ என்றால் பைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் ‘பீன்’ஐ இன்னும் ஒரு படி நீட்டுகிறார்கள். ‘ஹேஸ் த போஸ்ட்மேன் பீன்?’ என்றால் ‘தபால்காரர் வந்துவிட்டுப் போனாரா?’ என்று பொருள். இடப்பெயர்கூட இல்லை. அமெரிக்கர்களோ ‘ஹேவ் யு எவர் கான் டு நியூயார்க்?’ என்று அனுபவக் கேள்வியிலும் சில சமயம் ‘கான்’ போடுவார்கள். படங்களில் இதைக் கேட்டுவிட்டு ‘அவர்களே சொல்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், சொல்கிறார்கள். இருந்தாலும் தேர்விலும் நேர்காணலிலும் ‘பீன்’ போடுங்கள். அது இரு நாட்டிலும் பிழையாகாது.

சில இடங்களில் ‘பீன்’ நுழையவே முடியாது, ‘கான்’ மட்டும்தான். திரும்பி வருதல் என்ற பேச்சே இல்லாத போதல் ஒன்று. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் மனிதர் செய்த வேறெந்தப் பொருளையும்விட அதிக தூரம் போயிருக்கிறது: ‘வாயேஜர் ஒன் ஹேஸ் கான் ஃபார்தர் தேன் எனி அதர் ஸ்பேஸ்கிராஃப்ட்’. இன்னொன்று, ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்கு மாறுவது. பால் திரிந்துவிட்டது: ‘த மில்க் ஹேஸ் கான் பேட்’. விலை ஏறிவிட்டது: ‘த பிரைஸ் ஹேஸ் கான் அப்’. கரன்ட் போயிடுச்சு: ‘த பவர் ஹேஸ் கான் அவுட்’. எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கிறது: ‘எவ்ரிதிங் ஹேஸ் கான் வெல்’.

‘பர்ஸ் காணோம்’ என்பதை ‘மை பர்ஸ் இஸ் கான்’ என்கிறார்கள். ‘ஹேஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இஸ்’ வந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டாம். இங்கே ‘கான்’ கிட்டத்தட்ட ஓர் அடைமொழி: ‘இல்லாமல் போன’. ஆனால் இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வருவது, போவது, விழுவது, எழுவது போன்ற வினைகளுக்கு ‘ஹேவ்’ பதிலாக ‘பி’தான் துணைவினை. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் ‘ஹி இஸ் ரிசன்’ என்று இருக்கிறது. ஈஸ்டர் நாளில் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். இன்றைய வழக்கில் ‘ஹி ஹேஸ் ரிசன்’. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் போதல் வினைக்கு இன்றும் ‘இரு’வைத்தான் துணைக்கு வைத்திருக்கின்றன. ‘போய்’ + ‘இரு’ என்று கட்டும் தமிழருக்கு இதைப் பார்க்கையில் ஓர் ஒட்டுதல் வருவது இயல்பு.

இனிதான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிற இடம்: ‘போயிருந்தேன்’.

‘நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’ என்பது பழுதில்லாத தமிழ். அதை ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு அ வெடிங்’ என்று சொல்வது இந்திய ஆங்கிலத்தில் மிகப் பரவலான வழக்கம். நமக்குள் பேசும்போது யாருக்கும் உறுத்தாது. வெளியார் கேட்டால், ‘சரி, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?’ என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். ஏனென்றால் ‘ஹேட் கான்’ தனியே நிற்காது. கடந்த காலத்தில் இரண்டு புள்ளிகள் இருந்து, அவற்றில் முந்தையதைச் சுட்டத்தான் அது வரும். வெறுமனே நேற்று போனதைச் சொல்ல ‘ஐ வென்ட் டு அ வெடிங் யெஸ்டர்டே’ போதும்.

நம் தவறுக்குக் காரணம் அறியாமை இல்லை. தமிழில் ‘போயிருந்தேன்’ என்பது கதைக்குத் திரை தூக்குகிற வினை. ‘நேத்து கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்க நம்ம ரவியைப் பார்த்தேன்.’ முதல் வாக்கியம் களத்தை விரித்துக் கொடுக்கிறது, இரண்டாவதில் சம்பவம் நடக்கிறது. ‘போனேன்’ என்று தொடங்கினால் போனதுதான் செய்தி என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் களம் விரிக்கத் தனி வடிவம் தேவைப்படவில்லை: ‘ஐ வென்ட் டு அ வெடிங் யெஸ்டர்டே அண்ட் மெட் ரவி’. இரண்டும் சாதாரண இறந்த காலம்.

‘ஹேட் கான்’ உண்மையிலேயே வேலை செய்யும் இடத்தை ரயில் நிலையத்தில் வைத்துப் பார்க்கலாம். ரயில் 8.40-க்கு. நீங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது மணி 8.45. தண்டவாளம் காலி. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெய்ன் ஹேட் கான்.’ புள்ளி ஒன்று 8.40, புள்ளி இரண்டு 8.45, முந்தையதற்கு ‘ஹேட்’. இதையே ‘த டிரெய்ன் லெஃப்ட்’ என்று சாதாரண இறந்த காலத்தில் சொன்னால், நீங்கள் வந்து சேரவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது என்று ஆகும், கடைசிப் பெட்டியையாவது கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிட வித்தியாசத்தை ‘ஹேட்’ என்ற ஒரு சொல் சுமக்கிறது.

‘ஹேவ் கான்’, ‘ஹேவ் பீன்’ இரண்டுக்கும் கடிகாரமும் காலண்டரும் ஆகாது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2019’ இவற்றில் எது வந்தாலும் உடனே ‘வென்ட்’டுக்குத் தாவிவிட வேண்டும். ‘ஐ ஹேவ் பீன் தேர் யெஸ்டர்டே’ தவறு. ‘எவர்’, ‘நெவர்’, ‘பிஃபோர்’, ‘ட்வைஸ்’, ‘ஆல்ரெடி’ போன்றவை வரலாம், ஏனெனில் அவை எந்த நாள் என்று சொல்வதில்லை. ‘திஸ் வீக்’ வரலாம், வாரம் இன்னும் முடியவில்லையே.

இந்தத் தாவலைத்தான் வேலை நேர்காணலிலும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் பேச்சுப் பகுதியிலும் கவனிப்பார்கள். உரையாடல் இப்படி ஓடும். ‘ஹேவ் யு எவர் பீன் டு கொடைக்கானல்?’ ‘யெஸ், ஐ ஹேவ். ஐ வென்ட் தேர் இன் 2019 வித் மை ஃபேமிலி.’ கேள்வி அனுபவத்தைப் பற்றியது, அதனால் ‘பீன்’. பதிலில் ஆண்டு வந்ததும் ‘வென்ட்’. முதல் கேள்வி ‘பீன்’இல் வந்துவிட்டதே என்று கடைசிவரை ‘ஐ ஹேவ் பீன் வித் மை ஃபேமிலி, வி ஹேவ் சீன் த லேக்’ என்று இழுத்துக்கொண்டு போவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு முறை கதவைத் திறக்கத்தான் பெர்ஃபெக்ட். உள்ளே நுழைந்த பிறகு சாதாரண இறந்த காலம்.

பாடப்புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு கட்டுப்பாடும் உண்டு. அனுபவத்தைச் சொல்லும் ‘பீன் டு’ பொதுவாக உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். ‘காந்தி மதுரைக்கு வந்திருக்கார்’ என்று தமிழில் இன்றும் தாராளமாகச் சொல்கிறோம். 1921-ல் அவர் அரையாடைக்கு மாறியது அந்த ஊரில்தான். ஆங்கிலத்தில் ‘காந்தி ஹேஸ் கம் டு மதுரை’ என்றால் இப்போது வந்து இறங்கியிருக்கிறார் என்று ஆகும். ‘காந்தி ஹேஸ் பீன் டு மதுரை’ என்றால் இன்னும் வாழ்கிறார் என்று ஆகும். ‘காந்தி வென்ட் டு மதுரை’ அல்லது ‘கேம் டு மதுரை’ என்பதே சரி. தமிழின் ‘வந்திருக்கார்’ சான்று காட்டும் வடிவமாகவும், அதாவது ‘வந்ததற்கு ஆதாரம் இருக்கிறது’ என்று சொல்லும் வடிவமாகவும் இருப்பதால் இறந்தவர்களுக்கும் பொருந்துகிறது. ஆங்கில பெர்ஃபெக்ட்டுக்கு அந்த வேலை கிடையாது.

கால அளவு வரும்போது வேறொரு சிக்கல். ‘அவர் துபாய் போய் மூணு வருஷம் ஆச்சு’ என்பதை ‘ஹி ஹேஸ் கான் டு துபாய் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று பலரும் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் வேறு: மூன்று வருடம் இருந்துவிட்டு வரலாம் என்ற திட்டத்தோடு போயிருக்கிறார் என்று ஆகிவிடும். நேற்று விமானம் ஏறியவரைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். ‘போவது’ ஒரு நொடியில் முடிகிற செயல், அதை மூன்று வருடம் நீட்ட முடியாது. நீள்வது அவர் இங்கே இல்லாத நிலைதான். ஆகவே ‘ஹி ஹேஸ் பீன் கான் ஃபார் த்ரீ இயர்ஸ்’, அல்லது ‘ஹி ஹேஸ் பீன் இன் துபாய் ஃபார் த்ரீ இயர்ஸ்’, அல்லது ‘இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஹி வென்ட்’. மூன்றில் கடைசியானது நம் ‘போய் மூணு வருஷம் ஆச்சு’வுக்கு மிக நெருக்கம்.

திரும்பத் திரும்பப் போவது என்றால் ‘பீன் கோயிங்’. ‘ரெண்டு மாசமா ஜிம்முக்குப் போயிட்டிருக்கேன்’: ‘ஐ ஹேவ் பீன் கோயிங் டு த ஜிம் ஃபார் டூ மந்த்ஸ்’. ‘ஐ ஆம் கோயிங் டு த ஜிம் சின்ஸ் டூ மந்த்ஸ்’ என்பதில் இரண்டு தவறு. அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’.

‘ஹேவ் வென்ட்’, ‘வுட் ஹேவ் வென்ட்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ‘வென்ட்’ பிறவியிலேயே வேறு வீட்டுப் பிள்ளை. ‘வெண்ட்’ என்ற பழைய வினையின் இறந்த காலம் அது, ‘செண்ட்’டுக்கு ‘சென்ட்’ வருவதுபோல. ‘கோ’வுக்கு முன்பிருந்த இறந்த கால வடிவம் வழக்கொழிந்ததும் அந்த இடத்துக்கு இது தத்து வந்தது. ஆனால் இறந்த காலப் பதவி மட்டும்தான் இதற்குக் கிடைத்தது, மூன்றாம் வடிவமாக ‘கான்’ இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. அதனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ பின்னால் ‘வென்ட்’ வராது.

இதற்கு அடுத்து ‘போயிருப்பார்’. இதை எதிர்கொள்ளும்போது சற்று நிதானியுங்கள், மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது. ‘லைட் எரியலையே, வீட்டுக்குப் போயிருப்பார்’: ஊகம், ‘ஹி மஸ்ட் ஹேவ் கான் ஹோம்’. ‘நீ வர்றதுக்குள்ள போயிருப்பார்’: எதிர்காலம், ‘ஹி வில் ஹேவ் கான் பை த டைம் யு கம்’. ‘கூப்பிட்டிருந்தா போயிருப்பார்’: நடக்காதது, ‘ஹி வுட் ஹேவ் கான் இஃப் தே ஹேட் கால்ட் ஹிம்’. கடைசி வாக்கியத்தில் ‘இஃப்’ இருக்கும் பக்கம் ‘ஹேட்’, மறுபக்கம் ‘வுட் ஹேவ்’. இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போடுவது பரவலான பிழை.

‘போயிருக்கலாம்’ இன்னும் நுட்பமானது. ‘அவர் ஊருக்குப் போயிருக்கலாம், தெரியல’ என்றால் ‘ஹி மைட் ஹேவ் கான்’. ‘அன்னிக்கே நீ டாக்டர்கிட்ட போயிருக்கலாம்’ என்று ஒருவரைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னால் அது ஊகமே இல்லை: ‘யு குட் ஹேவ் கான் டு த டாக்டர் தட் வெரி டே’. குறை சொல்லும் தொனி கூடினால் ‘ஷுட் ஹேவ் கான்’, அதாவது ‘போயிருக்கணும்’. இங்கெல்லாம் ‘பீன் டு’ வேண்டாம். தவறவிட்டது போதல் என்ற செயலை, அனுபவத்தை இல்லை. ‘யு ஷுட் ஹேவ் பீன் தேர்’ என்பது வேறு வாக்கியம்: ‘நீ அங்க இருந்திருக்கணும்’.

உச்சரிப்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘கோ’வின் ஓகாரத்தை வைத்து ‘கோன்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது ஐஸ்கிரீம் கோனுக்கு நெருங்கிவிடும். ‘ஆன்’ என்ற சொல்லோடு எதுகை சேரும்படி ‘கான்’ என்று சொல்லுங்கள். ‘பீன்’ பிரிட்டனில் நெடில், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘பின்’ என்று குறில். வேகமான பேச்சில் ‘ஹேஸ்’ சுருங்கி ‘ஹீஸ் கான்’ என்று கேட்கும், ‘ஹேவ்’ சுருங்கி ‘ஐவ் பீன்’ ஆகும். அந்த ‘வ்’ மெல்லியது, பல நேரம் காதில் விழாது. விழவில்லையே என்று நாம் பேசும்போது ‘ஐ பீன் டு டெல்லி’ என்று அதை விட்டுவிடக் கூடாது.

கைக்கு ஒரு சின்னப் பயிற்சி. ‘அக்கா ஏற்கெனவே ரெண்டு தடவை இலங்கைக்குப் போயிருக்கா, போன வருஷம்கூட போயிருந்தா, இப்பவும் அங்கதான் போயிருக்கா.’ மூன்று ‘போயிரு’. ஆங்கிலத்தில்: ‘மை சிஸ்டர் ஹேஸ் பீன் டு ஸ்ரீலங்கா ட்வைஸ் ஆல்ரெடி, ஷி வென்ட் லாஸ்ட் இயர் டூ, அண்ட் ஷி ஹேஸ் கான் தேர் அகெய்ன்.’ உங்கள் வீட்டில் ஒருவரை நினைத்துக்கொண்டு இதே போல் ஒன்று சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, அந்த வாக்கியத்தைக் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.